மூன்றாம் வேற்றுமை

சஸ்கட்டூனில் மாசி மாதம்.
ஆற்றின் மேல் ஆவி எழுந்து நிற்கிறது,
பாலங்கள் எல்லாம் பாதியில் முடிந்துபோனவை போல.
நான்காம் மாடியில் நாங்கள் ஐந்து பேர்,
சுவர் நீளத்துக்கு வெள்ளைப் பலகை,
எண்பத்தேழு மஞ்சள் சீட்டுகள்.

கேள்வி சிறியது:
சிற்றூர்களில் வீடு வீடாகப் போய்
முதியவர்களைப் பராமரிக்கும் பெண்கள்
இரண்டாம் வருடத்தில் ஏன் வேலையை விடுகிறார்கள்?
பணம் ஒதுக்கியவர்களுக்கு ஜூனுக்குள் பதில் வேண்டும்.

"சீட்டில் பெயர் மட்டும்" என்றார் பேராசிரியர் லாவலே.
"கோட்டின் மேல் வினை. வெறுங்கோடு செல்லாது."
சம்பளம், முதுகுவலி, தூரம், மேலாளர், மரணம் —
ஒட்டுவது சுலபம், சந்தையில் கடை விரிப்பது மாதிரி.
இணைக்கும்போதுதான் குரல் உயர்ந்தது.

தனிமையிலிருந்து தூக்கமின்மைக்கு ஒரு கோடு இழுத்து
'காரணமாகிறது' என்று எழுதியிருந்தேன்.
புள்ளியியல்காரர் ஹ்னாட்யுக் எழுந்து வந்தார்.
ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலால் அழித்து
'கூடவே வருகிறது' என்று எழுதினார்.
நான் அதை அழித்தேன்.
இருவர் விரலும் நீலம்.

அன்றிரவு பேருந்தில் நினைத்துக்கொண்டேன்.
கத்தியால் அறுத்தான். தம்பியோடு போனான்.
ஆலும் ஓடும் எத்தனையோ காலமாக
ஒரே வேற்றுமைக்குள் குடியிருக்கின்றன:
வீடு ஒன்று, அடுப்பு இரண்டு.
மறுநாள் இதை ஹ்னாட்யுக்குக்கு விளக்கினேன்,
ஏதோ வென்றுவிட்டவள் போல.
"அப்படியானால் இங்கே எந்த அடுப்பு?
அதைத்தானே நானும் கேட்கிறேன்" என்றார்.
நியாயம்தான்.

டார்லீன் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.
ஒன்பது வருடம் அந்த வேலையைச் செய்தவர்;
எங்கள் பட்டியலில் 'அனுபவ ஆலோசகர்'.
முதல் நாளே ஒரு சீட்டு ஒட்டினார்:
'காரின் ஹீட்டர்'.
லாவலே அதைப் போக்குவரத்துக்கு அருகே வைத்தார்.
நான் குளிர்காலத்தின் பக்கம் நகர்த்தினேன்.
பசை விட்டுத் தரையில் கிடந்ததை
அறை துடைக்க வந்தவர் எடுத்துக்
கதவருகே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.
ஐந்து வாரம் அங்கேயே இருந்தது,
கல்யாண வீட்டில் எந்தப் பக்கத்து உறவென்று
யாருக்கும் தெரியாத ஒருவர் போல.

ஆறாம் வாரம் டார்லீன் தாமதமாக வந்தார்.
உட்காரவில்லை. குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை.
அதன் பையிலிருந்தே ஒரு பேனாவை எடுத்தார்.

"ரோஸ்தர்னில் ஒரு வீடு, அடுத்தது நாற்பது நிமிடம்.
அந்த நாற்பதுக்குச் சம்பளம் கிடையாது.
சாப்பாடு காருக்குள்.
எஞ்சினை நிறுத்தினால் விரல் விறைக்கும்,
ஓடவிட்டால் என் காசு.
திருமதி ஃப்ரீசன் போய்விட்டார் என்று
தொலைபேசி வந்ததும் அங்கேதான்.
அழுது முடிக்கப் பதினொரு நிமிடம் இருந்தது."

சொல்லச் சொல்லக் கோடு போட்டார்.
சம்பளத்துக்கு. முதுகுக்கு. தூக்கத்துக்கு.
மரணத்துக்குப் போட்ட கோடு
பலகை முழுக்க ஓடியது, கறுப்பாக,
எங்களுடைய பதினான்கு கோடுகளை வெட்டிக்கொண்டு.
ஒன்றின் மேலும் சொல் எழுதவில்லை.
லாவலே வாய் திறந்தார், மூடினார்.

"ஆலா, ஓடா?" என்று ஹ்னாட்யுக் என் காதருகே கேட்டார்.
அவர் வாயில் அது ஏதோ
பனி மூடிய ஊரின் பெயர் போல ஒலித்தது.
எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் கட்டுரை போனது.
படம் இரண்டு: பதினொரு பெட்டிகள், சாம்பல் நிறம்.
ஹீட்டர் இருந்த இடத்தில்
'ஊதியமற்ற இடைநேரம்'.
பிழையில்லை. நானும் கையெழுத்திட்டேன்.

பலகையைத் துடைப்பது என் முறை.
நீலமெல்லாம் ஒரே இழுப்பில் போயிற்று.
கறுப்பு மட்டும் போகவில்லை.
தண்ணீர், மருந்து, நகம்.
பிறகுதான் புரிந்தது:
முதியவர்களின் சட்டைக் கழுத்துகளில்
சலவையில் தொலையாதிருக்கப் பெயர் எழுதும் பேனா அது.

செப்டம்பரில் வேறொரு குழு அந்த அறைக்கு வந்தது.
மண்ணின் உப்பைப் பற்றி ஆராய்கிறார்கள்.
அந்தக் கோட்டைச் சுற்றிச் சீட்டு ஒட்டுகிறார்கள்.